அரக்குக் கறை

அப்பாவின் உடலைக் குளிப்பாட்டி, நாமம் போட்டுக் கிடத்தியதும் அம்மா சுலோச்சனா ஓடிவந்து ரூபாவின் கையில் மரப் பாலீஷ் பாட்டிலைத் திணித்தாள்.

"நைனா விரல்ல கொஞ்சம் தடவு. திருப்பதி சார் வந்துகினு கீறாரு. கை வெளுப்பா கீது பாரு."

ரூபாவுக்குச் சிரிப்புதான் வந்தது. செத்த பிறகும் இந்த மனிதருக்கு வேஷம் கட்டிவிட வேண்டுமா?

பழைய ஸ்பீக்கர்களின் மரப்பெட்டிகளைப் புதுப்பிப்பதில் அப்பா துலுக்காணத்துக்கு நகரி ஊரைத் தாண்டியும் பெயர். கரையான் தின்றதையும் தண்ணீர் பட்டு உப்பியதையும் சித்தூரிலிருந்தும் திருப்பதியிலிருந்தும் காரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். அவருக்குக் கைநடுக்கம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு பெட்டியை அவர் தொட்டதில்லை. தேக்குத் தகடு ஒட்டி, உப்புத்தாள் தேய்த்து, பஞ்சைத் துணியில் சுருட்டி அரக்குப் பாலீஷை நாற்பது தடவை பூசி மினுக்கியதெல்லாம் ரூபாதான். வாசலில் கார் சத்தம் கேட்டால் அவர் விரல்களைப் பாலீஷ் கிண்ணத்தில் முக்கிக்கொண்டு வெளியே போவார். பொம்பளை செய்த வேலை என்று தெரிந்தால் எவனும் பெட்டி கொடுக்கமாட்டான் என்பார். அந்தப் பேச்சுக்கு அம்மாவும் அண்ணனும் தலையாட்டினார்கள்.

கடைசிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே கார் எதுவும் வரவில்லை. விரல்கள் வெளுத்துவிட்டன.

அண்ணன் சிரஞ்சீவி காலையிலேயே கணக்காகச் சொல்லிவிட்டான். திருப்பதி முரளிதரன் சார், தான் கொடுத்ததில் முடிந்த பெட்டியையும் முடியாத ஜோடிப் பெட்டியையும் இன்றே எடுத்துப் போகட்டும். நைனா இல்லாமல் பாலீஷ் வேலை ஏது? பாலீஷ் கொட்டகையில் விசைத்தறி போட்டுவிடலாம். ரூபா எங்கே போவாள் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை.

"நீயே தடவு" என்று பாட்டிலை அம்மாவிடமே நீட்டினாள். அம்மா தடவவில்லை. மாலையை இழுத்து அந்தக் கையை மூடினாள்.

முரளிதரன் வந்தார். மாலையை விலக்கி, துலுக்காணத்தின் வலது கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதையே பார்த்தார்.

"என்னப்பா, கையில கறையே காணோம்?"

ஆஸ்பத்திரியில் நர்சு துடைத்துவிட்டாள் என்றான் சிரஞ்சீவி. முரளிதரன் உடனே நம்பிவிட்டார். தெய்வம் கொடுத்த கை என்று ரத்னம்மா அத்தை மூக்கைச் சிந்தினாள். உண்மையாகப் பூசிய விரலில் அரக்கு நகக்கண்ணுக்குள் ஊறிப்போயிருக்கும்; எந்த நர்சு துடைத்தாலும் போகாது. இதுகூடத் தெரியாத கூட்டம்தான் இத்தனை வருஷம் அவரை மெச்சியது. அப்பனை ரூபா வெறுக்கவில்லை. மதிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். ரூபா குனிந்து அரிசியை அவர் உதட்டின் மேல் மெதுவாகவே விட்டாள். ஐந்து விரலும் நகம்வரை பழுப்பேறிக் கிடந்தன. முரளிதரன் அந்த விரல்களைப் பார்த்தார், செத்தவரின் கையைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை.

"நீயாம்மா?"

அம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது.

"ஆறு வருஷமா" என்றாள் ரூபா.

சிரஞ்சீவி கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். முரளிதரன் வாசலில் நின்ற தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றினால் எல்லாம் இன்றோடு சரி.

"ஜோடிப் பொட்டி எப்ப ஆவும்?" என்றார்.

"கருமாதி முடியட்டும் சார். அதுக்கப்புறம் பத்து நாளு. மழ ஈரத்துல பூசுனா பாலீஷ் வெள்ள பூத்துடும்."

அவர் போனை எடுத்து நம்பர் கேட்டார். சொன்னாள். அந்த நம்பருக்கு 'துலுக்காணம் பொண்ணு' என்று அவர் பெயர் போடுவது தெரிந்தது.

"ரூபான்னு போடுங்க சார்."

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வெளியே மேளம் தொடங்கியது. நாலு பேர் உள்ளே வந்து பாடையைத் தூக்கினார்கள். முரளிதரன் சுவரோரம் ஒதுங்கி நின்று, போனில் போட்ட பெயரைக் கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாக அழித்துக்கொண்டிருந்தார்.