கண் எழுதாத பொம்மை

மாடி அறைப் பரணில் இருந்த பிஸ்கட் டப்பாவைக் கனகலட்சுமி திறந்தது ஒரு வியாழக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு. ஒட்டடை அடிக்கப் போனேன் என்று பின்னால் சொன்னாள். ஒட்டடைக்கம்பு கீழே அடுப்படியில்தான் சாய்ந்து கிடந்தது. ஒன்றரை வருஷமாக ஞாயிறு தவறாமல் புருஷன் இரண்டு கூட்டாளிகளோடு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளும் அறைக்குள் எந்தப் பொண்டாட்டிதான் ஒட்டடை அடிக்கப் போவாள்?

மூடியைத் தூக்கியதும் தின்னர் வாடை முகத்தில் அடித்தது. அடுத்தபடி பஞ்சு. பஞ்சுக்குள் சுண்டுவிரல் உயரத்தில் ஒன்பது ஈயப் பொம்மைகள். வாள் தூக்கியவன் ஒருவன், தாடி வைத்த குள்ளன் ஒருவன், கோல் ஊன்றிய கிழவன் ஒருவன் என்று எட்டுப் பேர். கடுகளவு முகத்தில் கண், அந்தக் கண்ணுக்குள் கருவிழி, எல்லாம் பெயிண்டால் எழுதியிருந்தது. சீ, இத்தனை வயசுக்குமேல் பொம்மையா என்று சிரிப்புக்கூட வந்தது அவளுக்கு. ஒன்பதாவதை எடுத்துப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அது பொம்பளை. அரக்குச் சேலை, பச்சைக் கரை. அவளுடைய முகூர்த்தச் சேலை. வலது மூக்கில் ஊசிமுனை அளவுக்குத் தங்கப் புள்ளி. கீழ் உதட்டுக்கு இடப்பக்கம் மச்சம். அவளுக்கும் அங்கேதான் மச்சம். எல்லாம் இருந்தது, கண் மட்டும் இல்லை. கண் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று தோல் நிறத்தில் கிடந்தது.

அவள் பிறந்தது பரளச்சியில். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. கோயில் புரவி எடுப்புக்கு மண் குதிரை செய்வதைச் சின்ன வயசில் மணிக்கணக்காக நின்று பார்த்திருக்கிறாள். காது, பல், கடிவாளம், கழுத்துமணி எல்லாம் முடித்துவிட்டுக் கண்ணை மட்டும் விட்டுவைப்பார்கள். கடைசி நாளில்தான் கண் திறப்பு. திறக்கிற வரைக்கும் அது வெறும் மண். திறந்துவிட்டால் திறந்தவர் சொல்கிற பேச்சைக் கேட்கும் என்று அந்தத் தெருப் பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். இருபத்து நாலு வயசாகியும் அவளுக்குள் அந்தப் பேச்சு அழியாமல் கிடந்தது. தன்னை இத்துணூண்டு ஆக்கி, யார் கையால் கண் திறக்க எடுத்துவைத்திருக்கிறார்கள்?

புருஷன் ஜெயக்குமார் அருப்புக்கோட்டை பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருந்தான். அதிர்ந்து பேசாதவன். பீடி, சிகரெட் கிடையாது. ஞாயிறு மதியம் கடையை அடைத்துவிட்டு, சாப்பிட்டுக் கைகழுவி மாடியேறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் இறங்குவான். கூட வருகிறவர்களில் ஒருவன் பவர்லூம் வைத்திருக்கும் செல்லப்பாண்டி, இன்னொருவன் மதன்குமார். கப்பல் வேலைக்குப் போய்க் காலில் அடிபட்டுத் திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை போட்டிருந்தவன். உள்ளே என்னவோ உருளுகிற சத்தம் கேட்கும். பிறகு வெகுநேரம் பேச்சு. திடீரென்று "செத்தான்லே!" என்று கூத்தாட்டம். சீட்டாட்டம் என்று முதலில் நினைத்தாள். பையில் ஒரு ரூபாய் குறையவில்லை. குடியோ என்று டம்ளரை முகர்ந்தாள், டீ வாடை. கேட்டால், "சும்மா கத பேசுதோம்" என்பான். மூன்று தடிமாடுகள் தாழ் போட்டுக்கொண்டு கதை பேசுமா? கேட்பவள் என்ன கேனச்சியா?

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று வந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வயிற்றில் மூன்று மாசம் அப்போது. படியில் பாதி ஏறியபோது இடுப்பைப் பிடித்து இழுத்தது. கீழே பார்த்தால் பாவாடை நனைந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து, "என்னங்க" என்று கூப்பிட்டாள். உள்ளே உருளுகிற சத்தம். மறுபடியும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைக்குத்தான் தாழ் திறந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "அஞ்சு நிமிசம் முன்னப்பின்ன வந்தாலும் இது தங்கியிருக்காதும்மா" என்று சொன்னார். ஜெயக்குமார், "சத்தியமா எனக்குக் கேக்கல கனகு" என்று அழுதான். டாக்டரம்மாவை அவள் நம்பினாள். அழுதவனை நம்பவில்லை. கேட்டதா, கேட்கவில்லையா? ஐந்து மாசமாகச் சோறு போடும்போதும் துணி மடிக்கும்போதும் இதே கேள்விதான். அவன் முகத்தைப் பார்த்தால் வாய்தவறிக் கேட்டுவிடுவோமோ என்று முகம் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

பொம்மை விஷயத்தைப் பக்கத்து வீட்டுச் சண்முகவடிவிடம் மட்டும் சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஈயத்துலயா? ஒஞ் சேலையே கட்டியிருக்கா? அடி ஆத்தே!" என்று அந்தம்மாள் மாரில் கைவைத்தாள். "செய்வினதாண்டி. வயித்துல தங்காம போனது ஏன்னு இப்ப வெளங்குதா? பேசாம ஒங்க அண்ணனக் கூப்ட்டு ஊரு போய்ச் சேரு."

அன்று சாயங்காலமே பரளச்சி பஸ் கண்டக்டரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். ஞாயிறு மதியம் அண்ணன் வர வேண்டும், அஞ்சரை பஸ்ஸில் தன்னைக் கூட்டிப் போக வேண்டும், காரணம் நேரில். திரும்பி வருவதாக எழுதவில்லை.

சனிக்கிழமை முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. ஊருக்குப் போய்விட்டாலும் பொம்மை இங்கே கிடக்குமே, ஞாயிற்றுக்கிழமை எவனாவது கண்ணைத் திறந்துவிட்டால்? எடுத்துப்போகலாம் என்றால் அதைத் தன் பெட்டிக்குள் வைக்கவே பயமாக இருந்தது. வெளியே ஆடிக் காற்று ஊரிலுள்ள புழுதியையெல்லாம் ஜன்னலுக்குள் வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குமேல் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. அப்படியொரு யோசனை அவளுக்குத்தான் வரும். அடுத்தவன் திறப்பதற்கு முன்னால் நாமே திறந்துவிட்டால்? பிறகு அது நம் பேச்சைத்தானே கேட்கும்!

மாடியேறி, டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்த அணில்முடிப் பிரஷ்ஷில் கறுப்புப் பெயிண்டைத் தொட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கண்ணை வைத்தாள், ஓரளவுக்கு வந்துவிட்டது. வலது கண்ணுக்குப் போகும்போது பிரஷ் வழுக்கி, கருவிழி ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது. பொம்மை இப்போது யாரையோ கடைக்கண்ணால் வேவு பார்ப்பதுபோல இருந்தது. துடைக்கப் பயந்து, அப்படியே பஞ்சுக்குள் வைத்து மூடிவிட்டாள்.

ஞாயிறு இரண்டு மணிக்கு அண்ணன் சங்கரபாண்டியன் வந்து சேர்ந்தான். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, கனகுவை அழைத்துப்போக வந்தேன் என்று ஜெயக்குமாரிடம் சொன்னான். ஜெயக்குமார் தலையை ஆட்டினான். "இருந்து சாப்ட்டுப் போங்க மச்சான்" என்றான். கதவுக்குப் பின்னால் அவள் கட்டிவைத்திருந்த பெட்டியை அவன் பார்த்தானா என்று தெரியவில்லை. வெயில் காலத்துப் புடவையோடு மழைக்காலத்துப் போர்வையையும் கட்டிய பெட்டி அது. அவன் மாடியேறியதும் அவள் அண்ணனிடம் சொன்னாள்:

"அவுக கூட்டாளிகள வச்சுக்கிட்டே ஒண்ணு கேட்டுட்டு வாரேண்ணே. பெறகு போவோம்."

படியில் பாதி ஏறியபோதே உள்ளே சண்டை கேட்டது.

"நான் தொடவே இல்லலே!" இது செல்லப்பாண்டி. "எனக்கு நூலு முடியவே கையி வராது, இதுல எங்க கண்ணு எழுதுறது?"

"அப்ப மதனு, நீயா?"

"எங்கடைய விட்டு நான் எந்திரிக்கல மாப்ள. நேத்து பரீச்ச பேப்பரு ஜெராக்ஸு, கூட்டம் அப்புது."

"அப்ப பொம்ம தானா முழிச்சுக்கிருச்சா?" ஜெயக்குமாரின் குரலில் பயமே தெரிந்தது.

நல்லா வேணும்டா, ஐந்து மாசமாக நான் பட்டதில் அரைமணி நேரம் நீங்களும் படுங்க என்று அவளுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. கதவைத் தட்டினாள். முதல் தட்டுக்கே தாழ் திறந்தது. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைத்தான் கிளப்பியது.

"கண்ணு எழுதுனது நாந்தான்" என்றாள். "இது யாரு? எதுக்கு என்னைய ஈயத்துல ஊத்தி வச்சிருக்கீக?"

செல்லப்பாண்டி எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டான். மதன்குமார்தான் வாய் திறந்தான். தரையில் மூன்று புத்தகங்களும் ஒரு கட்டம் போட்ட தாளும் கிடந்தன.

"மதினி, இது ஒரு ஆட்டம். ஒராளு கத சொல்லுவான், மத்த ஆளுக அந்தக் கதைக்குள்ள ஒவ்வொருத்தரா இருப்பாக. 'நான் இதச் செய்யிறேன்'னு சொல்லி, நம்பர் போட்ட காய உருட்டணும். விழுற நம்பர வச்சு நடந்துச்சா இல்லையான்னு தெரியும். எங்கூடக் கப்பல்ல இருந்த வெள்ளக்காரன் சொல்லிக்கொடுத்தது. பொம்மைகளும் அவன் அனுப்புனதுதான், பெயிண்டு மட்டும் மாப்ள அடிச்சது. போன மாசம் புதுசா மூணு புஸ்தகம் வந்துச்சு, எத ஆடுறதுன்னு நாலு வாரமா அடிச்சுக்கிடுதோம்."

"நான் பழைய ஆட்டமே போதும்னேன்" என்றான் செல்லப்பாண்டி. "குகைக்குள்ள போனமா, பூதத்த வெட்டுனமான்னு இருக்கணும். மேகத்துக்கு மேல கப்பல் ஓட்டுறதெல்லாம் நமக்கு எதுக்கு? ஜெயக்குமாரு என்னன்னா இந்த மூணாவது புஸ்தகத்துலயே நிக்கான். வெட்டுக்குத்தே கெடையாது தங்கச்சி. ஒரு ஊரு, ஒரு தப்பு நடந்துருக்கு, ஊர்க்காரன் அம்புட்டுப் பேரும் பொய் சொல்லுதான். கண்டுபிடிக்கணும். அதுக்கு நாலு பேரு வேணும்."

"ஆளு யாருன்னு பாத்துட்டுத்தான் ஆட்டம் எடுக்கணும்னு மதன் சொன்னான்" என்றான் ஜெயக்குமார், தரையைப் பார்த்துக்கொண்டு. "அதான் ஒன்னைய நெனச்சு மூணாவத எடுத்தேன். எதையும் லேசுல நம்பாத ஆளு நீ. சேல, மூக்குத்தி எல்லாம் வந்துருச்சு. கண்ணுதான் வரல. ஆஸ்பத்திரில இருந்து வந்ததுல இருந்து நீ என்னைய நேரா பாக்கவே இல்லையே. பாக்காத கண்ண எப்பிடி எழுதுறது?"

சண்முகவடிவு சொன்ன செய்வினை கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஆனால் ஒரேயடியாகப் போய்விடவில்லை. இப்படி இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பட்டது. போர்வை கட்டிய பெட்டி கீழே இருக்கிறது, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பாயில் உட்கார்ந்தாள்.

மதன்குமார் தனக்கு முன்னால் ஒரு அட்டையை மடித்து நிறுத்தினான்.

"அதுக்குப் பின்னால என்ன ஒளிக்கீக?"

"கத சொல்றவன் எழுதி வச்சிருக்கது மதினி. நீங்க பாத்தா ஆட்டம் கெட்டுரும்."

"எனக்குத் தெரியாம எனக்கு நடக்கப்போறத நீங்க எழுதி வச்சிருப்பீக, நான் கேக்கக்கூடாதாக்கும்!"

செல்லப்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஜெயக்குமார் ஒற்றைக்கண் ஒதுங்கிய பொம்மையை எடுத்துக் கட்டம் போட்ட தாளின் ஓரத்தில் வைத்தான். மதன்குமார் சொல்ல ஆரம்பித்தான். கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு ஊர். தண்ணீர் இல்லாத கிணற்றில் ஒரு பெண் விழுந்து கிடக்கிறாள். உயிர் இருக்கிறது, பேச்சு இல்லை. கிணற்றுக்குப் பத்தடி தள்ளிக் காவல்காரன் குடிசை.

"காவக்காரன் என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள் கனகலட்சுமி.

"அவ கத்துனது காதுல விழல, ஒறங்கிட்டேங்கான்."

மதன்குமார் இதை வேண்டுமென்று சொல்லவில்லை. புத்தகத்தில் இருந்ததைத்தான் சொன்னான். ஜெயக்குமார் கழுத்தில் மட்டும் வேர்வை முத்துக்கட்டியது.

"பொய்யி" என்றாள். "பத்தடியில கேக்காம இருக்காது."

"அப்ப உருட்டுங்க. பன்னண்டுக்கு மேல விழுந்தா அவன் நெசத்தச் சொல்லிருவான்."

நெல்லிக்காய் அளவில், இருபது பட்டை வெட்டிய காயை அவள் கையில் கொடுத்தான். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு எண். உள்ளங்கையில் குலுக்கி வீசினாள். வேகம் கூடிவிட்டது. பாயைத் தாண்டி, தரையில் துள்ளி, கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது.

"நான் எடுக்கேன் தங்கச்சி."

"யாரும் தொடாதீக. நானே பாத்துக்கிடுதேன்."

அவள் முட்டிபோட்டுக் குனிந்து, கன்னம் தரையில் பட உள்ளே தலையை நீட்டினாள். மறுபக்கம் ஜெயக்குமாரும் குனிந்துவிட்டான். நடுவில், சுவரோரத்து இருட்டில் காய் கிடந்தது. இரண்டு பேருக்கும் எண் தெரியவில்லை. மாசிக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்தாள். இவ்வளவு பக்கத்தில், ஒதுங்க இடமே இல்லாமல். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அன்னிக்குக் கேட்டுச்சா, கேக்கலயா?"

அவன் கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டுச்சு" என்றான். "மொதத் தடவயே கேட்டுச்சு கனகு. ஒரு உருட்டுதான், முடிச்சிட்டு எந்திரிப்போம்னு நெனச்சேன்."

அவன் சொன்ன எதையும் அவள் இதுவரை ஒரு தடவை புரட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. இதைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

"ஏலே, என்னதான் விழுந்துச்சு?" என்றது மேலே செல்லப்பாண்டியின் குரல்.

"கனகு, பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்றது படிக்குக் கீழே அண்ணனின் குரல்.

அவள் கையை நீட்டி, எண்ணைப் பார்க்காமல் காயை உள்ளங்கையால் மூடினாள். ஆடிக் காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் கைக்கடியில் நறநறத்தது. இரண்டு பேரும் கன்னம் தரையில் பட அப்படியே கிடந்தார்கள். அவள் கை காயை மூடியபடியே இருந்தது.