படகு எஞ்சினும் அரக்குப் பட்டும்

பொங்கலும் அதுவுமாக மெக்கானிக் அந்தோணி வந்ததே பெரிய காரியம். சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு எஞ்சினைச் சுற்றி வந்தான்.

"இன்னாண்ணா, பாலாத்துல கணுக்கால் நனைய தண்ணி இல்ல. நீ படகு எஞ்சினை வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கிற."

செவிலிமேட்டில் எல்லாரும் சொல்லி அலுத்த கேலி. காசிமேட்டில் பழைய இரும்போடு கிடந்ததை நான்தான் வாங்கி வந்து கிணற்று மேட்டில் இறக்கினேன். ஏதோ மீன்பிடி லாஞ்சில் ஓடியது. இப்போது பெல்ட் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை வயலுக்கு இறைக்கிறது. எஞ்சினைக் குளிர வைக்க அதன் இடுப்பிலேயே சின்னதாக ஒரு பம்பு உண்டு. அந்தப் பம்பில்தான் கோளாறு. தண்டு உள்ளே நுழையும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தண்ணீர் வெளியே போய்விடுவதால் எஞ்சின் கொதித்தது. போகிக்கு முன்பே நிறுத்திவிட்டோம்.

ஐப்பசி மழை அந்த வருஷம் பொய்த்துப் போயிருந்தது. நெல் பால் பிடித்து நின்றது. வரப்போரம் பூமி வெடிக்கத் தொடங்கியிருந்தது. இன்று தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்.

நான் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடியில் இருமலில் ரத்தம் கண்டு, நெஞ்சு நோயோடு மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவன், மார்கழியில்தான் வீடு திரும்பியிருந்தேன். ஸ்பானர்கூடத் தூக்கக்கூடாது என்று ரேணுகாம்பாள் சொல்லியிருந்தாள். என் மனைவி அதிகம் பேசமாட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

அந்தோணி பம்பின் கழுத்து நட்டைப் பிடித்துத் திணறினான்.

"எந்த யானை முறுக்கிச்சு இத? அண்ணிகிட்ட கம்பு வாங்கித்தான் நெம்பணும் போல."

நட்டு ஒரு வழியாகக் கழன்றது. உள்ளே, தண்டைச் சுற்றி அடைப்புக் கயிறு வைத்திருப்பார்கள். கிரீஸில் ஊறிய பருத்திக் கயிறு. அது நைந்தால் ஒழுகும். பழையதைத் தோண்டிவிட்டுப் புதியதை வைத்தால் வேலை முடிந்தது. அவன் கம்பிக் கொக்கியை விட்டு இழுத்தான். கறுப்பாக ஒரு சுருள் வந்தது. இன்னொன்று. விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"கயிறு இல்லண்ணா இது. துணி."

மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டு அலசினான். கறுப்பு கழன்று அரக்கு நிறம் வந்தது. அடுத்த சுருளில் ஏதோ மின்னியது. அவன் அதை விரித்துக் கல்லின் மேல் வைத்தான். ஜரிகை. வரிசையாகச் சின்னச் சின்ன மயில்கண்.

எனக்கு அந்தக் கரை தெரியும். மணவறையில் பக்கத்தில் இருந்தவளின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, முகூர்த்தம் முடியும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"யார் வீட்டுப் புடவை..." என்று தொடங்கிய அந்தோணி என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

எங்கள் பக்கத்தில் கூரைப் புடவையில் யாரும் கத்தரி வைக்கமாட்டார்கள். கிழிந்தால்கூடத் தைத்துப் பெட்டியில் வைப்பார்கள். தாலியோடு போகிறவளுக்குக் கடைசியாகப் போர்த்துவது அதைத்தான். புருஷனை முதலில் பறிகொடுத்தவளுக்கு அது இல்லை. பெட்டியில் இருந்தாலும் இல்லை.

காதில் ஏதோ இரைந்தது. எஞ்சின் நின்றுதான் இருந்தது.

ரேணுகாம்பாள் சொம்பில் காப்பியோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். கல்லின் மேல் கிடந்ததைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். அந்தோணி எழுந்து கிணற்றின் மறுபக்கம் போய் எதையோ தேடுவதுபோல் நின்றான்.



"கயிறு வாங்கியாந்து போட்டேன்" என்றாள் அவளாகவே. "ரெண்டு நாள்ல தீஞ்சி போச்சு. மறுபடி போட்டேன், அதுவும் போச்சு. பட்டுன்னா தாங்கும்னு தோணுச்சு."

"வேற பட்டு இல்லியா?"

"ஏது? எல்லாம் நூல் புடவை."

"எப்போ?"

"தீபாவளிக்கு முன்ன."

தீபாவளிக்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். டாக்டர் அவளை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வந்து என் கட்டிலில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக் கொடுத்தாள். கொட்டைகளைக்கூட எடுத்துவிட்டுத்தான் கொடுத்தாள். கிணற்றை இன்னும் ஆழப்படுத்த வேண்டும் என்று நான் பேசிக்கொண்டே போனேன். அவள் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் இன்னா சொன்னாரு அன்னிக்கு?"

"அதான் வந்துட்டீங்களே."

"இன்னா சொன்னாரு?"

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். கையில் ஈரம் எதுவும் இல்லை.

"தீபாவளி தாண்டாதுன்னாரு. சொந்தக்காரங்களுக்குச் சொல்லி வெச்சிடுன்னாரு. நான் யாருக்கும் சொல்லல."

"வீட்டுக்கு வந்து இத வெட்டின."

"பயிரு நின்னுக்கினு இருந்துச்சு. பசங்களுக்கு வேற இன்னா இருக்குது?"

குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். நான் கிணற்றுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு படுத்திருந்த அந்த நாட்களில், இவள் இந்தக் கல்லில் உட்கார்ந்து இனிமேல் தனக்கு வேண்டாததை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் செத்துப்போயிருந்தேன். அது எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. 

அந்தோணி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தான். தண்டைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினான். பித்தளையில் சுற்றிச் சுற்றி மெல்லிய கீறல்கள்.

"பட்டு ஒண்ணும் பண்ணல அண்ணி. ஜரிகையும் சேத்து வெச்சிட்டீங்க. வெள்ளிக் கம்பியில்ல? சுத்தச் சுத்த அறுத்திருக்குது. ஒழுகுதுன்னு நீங்க நட்டை முறுக்க, அது இன்னும் அறுக்க."

"கரைதான் கெட்டின்னு நெனச்சேன்" என்றாள்.

பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளுக்குக் கூலிக்குப் பட்டு நூல் இழைத்துக் கொடுக்கிறவள் அவள். புடவையில் முதலில் நைவது உடல், கடைசிவரை நிற்பது கரை. அங்கே அது சரிதான்.

"உப்புத்தாள் போட்டுத் தேச்சா கீறல் போயிடும்" என்றான் அந்தோணி. "அடைக்கத்தான் கயிறு இல்ல. இருந்தது பூரா ரைஸ் மில்லுக்குப் போயிடுச்சு. கடையெல்லாம் காணும் பொங்கல் கழிச்சித்தான் தொறப்பான்."

மூவரும் வயலைப் பார்த்தோம். நெல் தோகைகளின் நுனி சுருளத் தொடங்கியிருந்தது.

"மீதி இருக்குதா?" என்று கேட்டேன்.

ரேணுகாம்பாள் என்னையே பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் நடந்தாள்.

கத்தரியோடு சேர்த்து அவள் கொண்டு வந்தது பாதிப் புடவை. ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தாலும் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி மடித்து வைத்திருந்தாள். கத்தரியை அந்தோணியிடம் நீட்டினேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நான் தொட மாட்டேம்பா. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்ல சோறு போடாது."

"குடுங்க, நான் வெட்டறேன்" என்றாள் அவள். "உங்களுக்கு ஆகாது."

கையை நீட்டினாள். ஆனாலும் கொடுக்கவில்லை. கரையை ஒதுக்கிவிட்டு நடு உடலில் கத்தரியை வைத்தேன். பட்டு லேசில் வெட்டுப்படவில்லை. ஒவ்வொரு இழையும் அறுவது விரலில் தெரிந்தது. அவள் எதிரே குந்தி, நான் வெட்டிப்போட்ட நாடாக்களைக் கயிறாக முறுக்கி கிரீஸில் தோய்த்தாள். முறுக்குவதில் அவள் விரல்கள் பழகியவை. அந்தோணி அவற்றைச் சாய்வாக நறுக்கி, ஒன்றின் இணைப்பு மற்றொன்றின் மேல் விழாமல் தண்டைச் சுற்றி அடுக்கினான். நட்டைக் கையாலேயே திருகினான்.

"சொட்டணும்ணா. நல்ல பம்பு சொட்டிக்கினேதான் இருக்கும். நின்னுச்சுன்னு வெச்சிக்கோ, உள்ள வேகுதுன்னு அர்த்தம். யானை வேலை வேணாம் அண்ணி."

அவள் சிரிக்கவில்லை. அவன் கைப்பிடியைச் சுழற்றினான். எஞ்சின் இருமுறை செருமி, மூன்றாவதில் பிடித்தது. கழுத்தில் முதலில் ஒரு கோடாக ஒழுகியது. நட்டை அரைத் திருகு திருகினான். கோடு அறுந்து சொட்டாயிற்று. கையை வைத்துப் பார்த்தான். "சூடு இல்ல" என்றான். கிணற்றிலிருந்து தண்ணீர் வந்து தொட்டியில் மோதி வாய்க்காலில் இறங்கியது.

ரேணுகாம்பாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு முன்னால் ஓடினாள். ஒவ்வொரு பாத்தியாக வாய் வெட்டிவிட்டாள். வெடிப்புகள் முதலில் குடித்தன. பிறகுதான் தண்ணீர் நகர்ந்தது. வெயில் சாயும்போது கடைசிக் கழனியை எட்டியது.

"வந்துடுச்சு!" என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்.

நானும் ஏதோ கத்த வாயைத் திறந்தேன். குரலுக்குப் பதில் இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக் குனிந்தேன். இருமி முடித்து நிமிர்ந்தபோது அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். ஓங்கிய மண்வெட்டி தோளுக்கு மேலேயே இருந்தது. தண்ணீர் அவள் காலைத் தாண்டி வழிந்து வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளங்கையைப் பார்த்தேன். எச்சில்தான். சிவப்பு இல்லை. கையை விரித்து, அவளுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன்.

அவ்வளவு தூரத்திலிருந்து எதுவும் தெரிந்திருக்காது. இருந்தாலும் அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியை இறக்கி மடையை அடைத்தாள்.