பொணக்கள்ளி பூத்த வீடு

1

செத்த எலியைத் தேடப்போய்க் கிடைத்த கதை இது. எலி கிடைக்கவில்லை.

பெரம்பலூரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டு மாடியில், முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன தொட்டி ஒன்று கிடந்தது. அதில் இலையே இல்லாத ஒரு செடி. விரல் தடிமனில் நாலு பட்டையாக நிமிர்ந்த தண்டுகள். தொட்டால் ஆட்டுக்குட்டியின் காதைத் தொட்டது போலிருக்கும். அதற்கு நான் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. ஒருநாள் வீடு முழுக்கப் பிண நாற்றம். பரணை இறக்கிப் பார்த்தேன், பீரோவை நகர்த்திப் பார்த்தேன். கடைசியில் பிளம்பர் அய்யம்பெருமாளைக் கூப்பிட்டேன். அவர் மாடிக்குப் போய்விட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"சார், ஒங்க வூட்ல பொணக்கள்ளி பூத்திருக்கு."

செந்துறைப் பக்கம், அவருடைய அம்மா பிறந்த ஊரில், உலகச் சண்டைக் காலத்தில் ஒரு பெண் இதே செடியை வளர்த்தாளாம். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி காணாமல் போனாளாம். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது சார். எங்கம்மா அதோட பேச்ச நிறுத்திரும்."

அந்த அம்மா ஏன் நிறுத்திக்கொண்டார் என்று யோசித்ததில் வந்தது மீதி. பெயர்கள் உட்பட எல்லாம் நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில், உலகமே பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, செந்துறைக்கு அருகே ஒரு சிற்றூரில்—"

வேண்டாம். அந்த ஊரில் அப்போது விளக்கு எரிக்கவே மண்ணெண்ணெய் இல்லை.

பஞ்சவர்ணத்திடமிருந்து தொடங்குகிறேன். கண்ணையனின் மனைவி. சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரிக் காடு, ஒரு ஜோடி மாடு, ஓட்டு வீடு. குழந்தை இல்லை. அவள் தம்பி இளையபெருமாள் மிலிட்டரியில் லாரி ஓட்டினான். லீவில் வந்தவன் தகரப்பெட்டியைத் திறந்து, காக்கித் துணியில் சுற்றியிருந்த எதையோ அவள் மடியில் போட்டான்.

"அய்யோ, என்னாடா இது? பாம்புக்குட்டியா?"

"செடிக்கா. ஆப்பிரிக்காவுல, மொம்பாசாவுல வேலியோரம் கெடந்துச்சு. மாசக்கணக்கா பொட்டிக்குள்ளயே கெடக்கு, சாவ மாட்டேங்குது. நீ வெச்சுக்க."

போகும்போது வளர்க்கும் விதத்தையும் சொல்லிவிட்டுப் போனான். வெட்டுவாய் காய்ந்து தோல் மூடும்வரை நிழலில் போட்டு வைக்கணும். தண்ணீர் ஊற்றிக் கொன்றுவிடக் கூடாது. பஞ்சவர்ணம் மாட்டுக்கொட்டாயில் கிடந்த ஓட்டைத் தாழியில் ஓடை மணலையும், சுக்கான்கல் என்கிற சுண்ணாம்புக்கல்லை நொறுக்கியதையும், செங்கல் தூளையும் கலந்து போட்டு நட்டாள். மண் வறண்டு பல நாள் கழித்து ஒரு கை தண்ணீர் தெளிப்பாள். தண்டில் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூச்சி அடைந்தால் வேப்பெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பாள். துடைக்கும்போது பேசுவாள். என்ன பேசினாள் என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளையிடம் பேசுவது போலவே வந்தது. அடித்துவிட்டேன். [அடித்த பிறகும் அது அப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.]

3

அடுத்த வருஷம் காற்றடைத்த பை மாதிரி ஒரு மொட்டு வந்தது. ஒரு முற்பகலில் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. வைக்கோல் போரைப் பிரித்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், நல்லுசாமி வீட்டுக் காணாமல் போன நாய்க்காக வேலியெல்லாம் தேடினார்கள். ஈக்கள்தான் காட்டிக் கொடுத்தன. தாழியில், உள்ளங்கையைவிடப் பெரிதாய், ஐந்து முனையோடு ஒரு பூ. வெளிர் மஞ்சள் தோலில் செம்பழுப்பு வரிகள், அதன்மேல் மயிர். பூவின் நடுவே ஈக்கள் வெள்ளையாக முட்டை வைத்திருந்தன. பிணம் என்று நம்பி வைத்தவை. பொரிந்து புழு வந்தால் தின்ன அங்கே ஒன்றும் கிடையாது.

ஊர் அதற்குப் பொணக்கள்ளி என்று பெயர் வைத்தது. தூக்கி எறியச் சொன்னார்கள். கண்ணையனும் சொன்னான். "தம்பி குடுத்தது" என்று மட்டும் சொன்னாள் பஞ்சவர்ணம். நாளடைவில் ஊர் பழகிக்கொண்டது. நாற்றம் வந்தால், "பஞ்சவர்ணம் வூட்டுச் செடி பூத்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.*

* இந்த வாக்கியத்தை எழுதிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நாற்றத்துக்கு ஒரு சமாதானம் கிடைத்துவிட்ட ஊரில் என்னவெல்லாம் அழுகலாம்?

4

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாளை முதலில் வெறும் சண்டைக்காரியாக எழுதியிருந்தேன். தாழியை உடைப்பேன் என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிற விதவை. நாலு பக்கம் எழுதியும் அவள் உயிரோடு எழுந்திருக்கவில்லை. பிறகு அவளுக்கு ஒரு மகனைக் கொடுத்தேன். கொடுத்த கையோடு பறித்தும்விட்டேன்.

மகன் காசிநாதன். இளையபெருமாளோடு ஒன்றாகப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தவன். அவனைப் பர்மா பக்கம் அனுப்பினார்கள். இளையபெருமாளிடமிருந்து கடுதாசி வந்துகொண்டே இருந்தது. காசிநாதனிடமிருந்து வருவது நின்றுபோனது.

ஒருநாள் கிருஷ்ணம்மாள் சத்தம் போடாமல் கொட்டாய்க்குள் வந்து நின்றாள்.

"இதுல ஒரு கொம்பு ஒடிச்சுக் குடு தாயி."

"எதுக்கு அத்தை? நாத்தம் தாங்கலன்னு நீங்கதான கத்துனீங்க?"

"நாறுனா நாறிட்டுப் போவுது. உன் தம்பி குடுத்த செடி சாவாம இருக்கு, அவனும் சாவாம இருக்கான். என் மவன் எங்கிட்ட ஒண்ணும் குடுத்துட்டுப் போவல."

பஞ்சவர்ணமும் உள்ளுக்குள் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை. ஒடித்தால் தம்பி ஆயுளில் எவ்வளவு ஒடியும்?

"ஒடிச்சா பட்டுப்போயிடும் அத்தை."

"பட்டுப்போவாதுடி. உனக்கும் அது தெரியும்."

"வேணாம் அத்தை. போயிட்டு வாங்க."

[கொடுத்துவிட்டாள் என்று ஒருமுறை எழுதினேன். இருவரும் அழுதார்கள், தெரு அழகாக இருந்தது, கதை அங்கேயே படுத்துக்கொண்டது. ஆகவே அவள் கொடுக்கவில்லை.]

சில நாள் கழித்து ஒரு தண்டைக் காணோம். ஆடு கடித்திருக்கும் என்று கொட்டாய்ப் படலை இறுக்கிக் கட்டினாள். வெட்டுவாய் கத்தி பட்டதுபோல் நேராக இருந்தது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் ஆடு என்றே வைத்துக்கொண்டாள். கிருஷ்ணம்மாள் அதன்பிறகு தெருவுக்கு வருவது குறைந்தது. கதவு சாத்தியே கிடந்தது.

5

நாற்பத்தைந்தில் சண்டை முடிந்தது. இளையபெருமாள் திரும்பி வந்து அரியலூரில் ஒரு லாரி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துகொண்டான். காசிநாதனைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

புரட்டாசி மாதம். ஒரு நண்பகலில் நாற்றம் எழுந்தது, முன் எப்போதையும்விடக் கனமாக. "செடி பூத்திருக்கு" என்றது தெரு. பஞ்சவர்ணம் கொட்டாய்க்குப் போனாள். தாழியில் பூ இல்லை. மொட்டும் இல்லை.

படலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம், கிருஷ்ணம்மாள் வீட்டுக் கதவிடுக்கில் ஈக்கள் நுழைந்துகொண்டிருந்தன.

"கிருஷ்ணம்மாவா? குன்னத்துல மவ வூட்டுக்குப் போயிருக்கும்" என்றார்கள் தெருவில். போவதை யார் பார்த்தது என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை.

"என்னாங்க, நாத்தம் நம்ம செடியில இல்ல."

"நேத்து பூத்து இன்னிக்கு உதுந்திருக்கும்" என்றான் கண்ணையன், ஏர்க்காலைச் செதுக்கிக்கொண்டே.

"வந்து பாருங்க."

வந்து பார்த்தான். அவன் கையிலிருந்த உளி தணிந்தது. உளியோடு வேலியைத் தாண்டினான்.

வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கொல்லைக் கதவும் அப்படியே. கண்ணையன் கூரை மேலேறி முற்றத்தில் குதித்தான். வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாளை நீக்கினான்.

"உள்ள யாரும் இல்ல" என்றான்.

முற்றத்தில், கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா. அதில் மணல் நிரப்பி அந்தச் செடி. பஞ்சவர்ணத்தின் செடியைவிட நாலு மடங்கு படர்ந்து, அண்டாவின் விளிம்பைத் தாண்டித் தரையில் ஊர்ந்து, சுவரோரம் விரித்த கோரைப்பாய் வரை போயிருந்தது. தண்டெல்லாம் பூ. வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. பாயில் ஆள் படுத்த பள்ளம். தலைமாட்டில் சீப்பு. வேறு ஒன்றும் இல்லை. தானியக் குதிருக்குள் பார்த்தார்கள், பரணில் பார்த்தார்கள், கிணற்றில் ஆள் இறங்கிப் பார்த்தான்.

பஞ்சவர்ணம் குனிந்து அண்டா மணலைத் தொட்டாள். ஈரம். ஊறி ஊறி வழிகிற ஈரம். அவ்வளவு தண்ணீரில் அந்தச் செடி அழுகியிருக்க வேண்டும்.

 [இந்த ஈரத்தை இரண்டு வரைவுகளில் நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் கிருஷ்ணம்மாள் எங்கோ நடந்து போய்விட்ட கதையாகிறது. அப்படியாகட்டும் என்றுதான் எனக்கும் ஆசை.]

6

சில முடிவுகளை எழுதி வைத்திருக்கிறேன்.

பாய்க்குக் கீழே தரையைத் தோண்டுகிறார்கள், அங்கே— (இல்லை. கண்ணையன் தோண்டினான். பாறைதான் வந்தது.)

அரியலூர் ஸ்டேஷனில் மெட்ராஸ் போகும் ரயிலில் ஏறிய ஒருத்தியைக் கிருஷ்ணம்மாள் என்று யாரோ சொல்கிறார்கள். ஆனால் உள்ளே தாழிட்ட இரண்டு கதவுகளை அந்த ரயிலில் ஏற்றி அனுப்ப எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். மகள் வேம்பு குன்னத்திலிருந்து வந்து அழுதாள், வீட்டைப் பூட்டினாள், சாவியைப் பஞ்சவர்ணத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். பூக்கள் வாடிச் சுருங்கி விழுந்தன. நாற்றம் மட்டும் போகவில்லை. பஞ்சவர்ணம் தினமும் கதவைத் திறந்து உள்ளே போய்ச் செடியருகே உட்கார்ந்துவிட்டு வந்தாள். தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

"அங்க என்னாடி பண்ற?" என்று கண்ணையன் கேட்டதற்கு, "மன்னிப்புக் கேக்கப் போறேன். யாருகிட்ட கேக்கறதுன்னுதான் தெரியல" என்றாள்.

கார்த்திகையில், மழை விட்ட ஒரு பகலில், தெருமுனையில் ஒருவன் வந்தான். காக்கிச் சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. கன்னம் ஒட்டி, தலை மொட்டையாக. கிருஷ்ணம்மாள் வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினான்.

"பஞ்சவர்ணக்கா, நான்தான். காசிநாதன்."

பஞ்சவர்ணம் மடியிலிருந்த சாவியைக் கையால் மூடினாள்.

"காட்டுக்குள்ள பட்டாளத்து ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல கெடந்தேன்க்கா. செத்துட்டான்னு ஓரமாப் போட்டுட்டாங்களாம். புரட்டாசியில ஒருநா மத்தியானம் கண்ணு தொறந்துச்சு. டாக்டரே பயந்துட்டாரு." சிரித்தான். பிறகு மூக்கைச் சுளித்தான். "என்னக்கா நாத்தம்? அம்மா எங்க?"

சாவி அவள் மடியில் இருக்கிறது. அவன் அம்மா ஒரு கொம்பு கேட்டதும், தான் கொடுக்காததும், உள்ளே அது இப்போது என்னவாக வளர்ந்திருக்கிறது என்பதும் அவளுக்கு மட்டுமே தெரியும். இந்த இடத்தில் அவளுக்காக நான் எழுதிய பதில்கள் எல்லாமே என்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியவை. குன்னத்துக்குப் போயிருக்கு என்றேன். உன்னத் தேடிக்கிட்டுப் போயிருச்சுப்பா என்றேன். ஒன்றும் நிற்கவில்லை.

ஆரம்பத்திலிருந்து அவள் கூடவே இருந்தீர்கள். அவன் காத்துக்கொண்டு நிற்கிறான். சொல்லுங்கள், அவன் அம்மா எங்கே?