முப்பத்திரண்டாவது சாக்கடை

ஊரில் முப்பத்தொரு சாக்கடைகளின் தண்ணீரை அவள், தான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குச் சுமந்து வந்துவிட்டாள். மருத்துவமனைப் பின்வாசல் கால்வாய், இறைச்சிக் கூடத்து வடிகால், பேருந்து நிலையக் கழிப்பறைத் தொட்டி, ஒன்றையும் விடவில்லை. பூட்ஸும் கையுறையுமாகத் தெருவோரம் குனிந்து நின்றவளைப் பார்த்து, "என்னம்மா, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டவர்கள் உண்டு. இன்னும் தொலையவில்லை, சனிக்கிழமை தொலையப்போகிறது என்று சொல்ல நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

தொலையவிருந்தது அவள் புருஷனின் இடது கால். பேருந்து ஓட்டுகிறவனுக்கு கிளட்ச் மிதிக்கிற கால். நான்கு மாதத்துக்கு முன் ஒரு தகரம் கிழித்த காயம், இன்றுவரை ஆறவில்லை. அதில் குடியேறியிருந்த பாக்டீரியா எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை. ஆய்வகத்தில் இருந்த மருந்து அத்தனையையும் அவளே போட்டுப் பார்த்தாள். அது பாட்டுக்குக் கொழுகொழுவென்று வளர்ந்தது. சனிக்கிழமை பத்து மணிக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதென்று அறுவை மருத்துவர் நாள் குறித்துவிட்டார்.

"அதுக்குள்ள இந்தக் கிருமியைக் கொல்ற ஃபேஜ் ஒண்ணு கிடைச்சா சொல்லுங்க. தேதியைத் தள்ளி வைக்கிறேன்" என்றார், நல்ல மனுஷர்.

ஃபேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் வேட்டையாடும் வைரஸ். மனிதரை ஏறெடுத்தும் பார்க்காது. ஆனால் மகா பிகு பண்ணும். ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட ஓர் இரைதான் ஆகும், மற்றதைத் தொடாது. இரை மண்டிக் கிடக்கும் அழுக்கில்தான் அதைத் தேட வேண்டும். அவள் தினமும் தட்டுகளில் அந்தக் கால் பாக்டீரியாவைப் பரப்பி, வடிகட்டிய சாக்கடைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு வைப்பாள். ஃபேஜ் இருந்தால் மறுநாள் சொட்டு விழுந்த இடம் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். முப்பத்தொரு முறையும் அழுக்குப் படலம்தான் அவளைப் பார்த்துச் சிரித்தது.

"விடு சோப்பு. ஒரு கால் போனா ஒரு செருப்பு மிச்சம்" என்றான் புருஷன்.

கல்யாணமான மறு வாரமே அவன் வைத்த பெயர் அது. சோப்பையே கழுவி வைக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவள் சிரிக்காமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தம் எதற்கென்று அவனுக்குத் தெரியும். தெரியாதது மாதிரி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

மூன்று வாரமாக அவள் சாக்கடை சாக்கடையாக அலைந்ததில் வீட்டைப் பார்த்துக்கொண்டது அவனுடைய அக்கா. தம்பியின் புண்ணைக் கழுவிக் கட்டுப்போடவென்றே வந்து இறங்கியவர். கை வைத்தியம் பார்ப்பதில் கெட்டிக்காரி, வாயும் அப்படியே. அவரிடம் அவள் கறாராகச் சொன்னது ஒன்றே ஒன்று: புண் கழுவிய தண்ணீர் போகும் குளியலறை வடிகாலில் காலையும் மாலையும் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும்.

புதன்கிழமை காலை குளிக்கப் போனவள் வழுக்கி, வாளியைப் பிடித்துத் தப்பினாள். குனிந்து வடிகால் மூடியைத் தூக்கினால், உள்ளே விரல் கனத்துக்குப் பாசியும் கொழகொழப்பும்.

"அண்ணி!"

நாத்தனார் வாசலில் வந்து நின்றார். அந்த முகத்திலேயே பதில் இருந்தது.

"மூணு வாரமா பவுடரே போடலையா?"

"அதைத் திறந்தாலே எனக்கு இருமல் பிச்சுக்கிட்டு வருதும்மா. மொதல் நாளே டப்பாவை அலமாரிக்குப் பின்னாடி தள்ளிட்டேன். ரெண்டு வாளி தண்ணி ஊத்தினேன், சத்தியமா ஊத்தினேன்."

அவளுக்கு உச்சிக்கு ஏறியது. கட்டிய புருஷன் கால் போகப்போகிறது, இந்த அம்மாளுக்கு இருமல்! நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடவேண்டுமென்று வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

இந்தக் குழியில் மூன்று வாரமாகப் போய்ச் சேர்ந்தது அந்தப் புண்ணின் தண்ணீர். அதே பாக்டீரியா, வேறெங்கும் இல்லாத அளவுக்கு. அதைத் தேடி எந்த ஃபேஜாவது வந்திருந்தால் இங்கேதான் வந்திருக்கும். பவுடர் போட்டிருந்தால் அதுவும் செத்திருக்கும். ஊர்ச் சாக்கடையெல்லாம் மோந்து பார்த்தவளுக்குத் தன் வீட்டுக் குளியலறை தோன்றவே இல்லை. தோன்றுமா? அவள் மனசில் அது அழுக்கான இடமே இல்லையே. நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அண்ணி, அந்த மூடி போட்ட பாட்டிலை எடுங்க. ஓடுங்க!"

"திட்டலையா?"

"அப்புறமா திட்டுறேன்."

புதனன்று வடிகட்டி, அந்தப் பாக்டீரியாவோடு கலந்து ஊறவைத்தாள். வியாழனன்று தட்டில் சொட்டு விட்டாள். வெள்ளிக்கிழமை காலை தட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். படலத்தின் நடுவே ஒரு வட்டம், துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக. அதன் வழியே எதிர்ச் சுவரின் கடிகாரம் தெரிந்தது. தட்டுக் கழுவும் பழைய சிங்க்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை குழாயைத் திறக்காமலேயே அழுதாள்.

மருத்துவர் சொன்ன சொல் தவறவில்லை. அந்த ஃபேஜைச் சுத்திகரித்துப் புண்ணில் விட்டார்கள், நாள் தவறாமல், ஆறு வாரம். முதலில் நாற்றம் போயிற்று. பிறகு ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தோல் ஏறியது. கடைசியாகப் புண்ணிலிருந்து எடுத்த மாதிரி அவள் மேஜைக்கே வந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள். தட்டில் எதுவும் முளைக்கவில்லை.

புது ஃபேஜுக்கு, அது கிடைக்கக் காரணமானவரின் பெயரை வைப்பது ஆய்வக வழக்கம். பதிவேட்டில் இடம் என்ற கட்டத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, 'என் வீட்டுக் குளியலறை' என்று எழுதினாள். பெயர் கட்டத்தில் 'அண்ணி' என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது புருஷன் படியில் உட்கார்ந்து இடது காலில் செருப்பு மாட்டப் பழகிக்கொண்டிருந்தான். உள்ளே குளியலறையில் யாரோ இருமும் சத்தம். எட்டிப் பார்த்தாள். நாத்தனார் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வடிகாலில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஊருக்குப் போறேனேம்மா. நீ சொன்னதை ஒரு நாளாவது செஞ்சிட்டுப் போகணும்ல?"

அவள் டப்பாவை வாங்கிக் கீழே வைத்தாள். பவுடர் படிந்த அந்த இரண்டு கைகளையும், கழுவச் சொல்லாமல், எடுத்துத் தன் கண்களில் ஒற்றப் போனாள்.

"அய்யோ, கண்ணு எரியும்டி!" என்று நாத்தனார் பதறிக் கையை இழுத்துக்கொண்டு, அவளை அப்படியே மார்போடு அணைத்துக்கொண்டார்.