வெல்டர் காட்டிய முகம்

ஓர் இடத்தில் கால் தரிக்கமாட்டாள் என்பதால்தான் வெல்டர் தன் மகளுக்கு வண்டு என்று பெயர் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் அவள் ஓட்டத்தைப் பொறுத்துக்கொண்டது. ஆனால் தாயைப் பறிகொடுத்த டீச்சர் மேஜையில் அழுதுகொண்டிருந்தபோது வண்டு போய், "ஏன் மிஸ் சிரிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டாள். டாக்டர் கடிதம் கொண்டுவந்தால்தான் இனி வகுப்பு என்றுவிட்டார்கள்.

டாக்டர்களை வெல்டர் நம்புவதில்லை. இந்த டாக்டரம்மா, கவனக்குறைவு, அளவுமீறிய துறுதுறுப்பு என்றார்.

"துறுதுறுப்புன்னு எங்க தெருவே சொல்லும். அதுக்கு இத்தனை படிக்கணுமா?"

"முகத்த முழுசாப் பார்க்குறதுக்குள்ள இவ கண்ணு வேற எங்கயோ ஓடிடுதுங்க. மீதிய ஊகிக்கிறா. எவ்வளவு தூரம்னு பார்க்கணும். நீங்க என் பின்னால உட்காருங்க. வாயத் திறக்காதீங்க."

வாயைத்தானே என்று வெல்டர் நினைத்துக்கொண்டார். கடிதம் கைக்கு வந்தால் போதும் அவருக்கு.

டாக்டரம்மா முகப் படங்கள் போட்ட அட்டைகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் என்ன உணர்ச்சி என்று வண்டைக் கேட்டார். முதல் அட்டையில் ஓர் ஆள் அழுதுகொண்டிருந்தான். வண்டு அதைப் பார்த்தாள், ஃபேனைப் பார்த்தாள், டாக்டரம்மாவின் வளையலைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள். வெல்டர் உதட்டைத் தொங்கவிட்டு, தனக்குத் தெரிந்த சோகத்தையெல்லாம் முகத்தில் கொண்டுவந்தார். இருபது வருஷம் வெல்டிங் வெளிச்சத்துக்குச் சுருங்கிய கண்ணும் முடிச்சு விழுந்த புருவமும் மட்டும் அசையவில்லை.

"கோபம்."

அடுத்தது பயம். கண்ணை உருட்டிக் காட்டினார்.

"கோபம்."

மூன்றாவது சிரிப்பு. வியர்த்துக் கொட்ட, இருந்த பல் அத்தனையும் காட்டினார். வண்டு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள்.

"ரொம்பக் கோபம்."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "சொல்லிக் குடுக்கிறீங்களா? இது பாஸ் ஆகுற பரீட்சை இல்லீங்க. எது தெரியலன்னு எழுதித் தரத்தான் கேக்குறேன். இப்ப நான் என்னத்த எழுத?"

"கடுதாசி இல்லாம உள்ள விடமாட்டேங்கிறாங்கம்மா." வெல்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. "வா வண்டு, போலாம்."

வண்டு அந்தக் கண்ணை அரை நொடி பார்த்தாள். எழுந்து டாக்டரம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"வரல. அப்பா அடிப்பாரு."

"நான் உன்னை என்னிக்காவது அடிச்சிருக்கேனா?"

"இல்ல."

"அப்புறம் என்னடி?"

"தினமும் அடிக்கப்போற மாதிரியே பார்க்குறீங்க."

வெல்டர் முகத்தைத் துடைத்தார். அவளுக்காக நல்லதாக ஒரு முகம் வைக்கப் பார்த்தார். எதை வைத்தாலும் அவளுக்குக் கோபமாகத்தான் தெரியுமோ என்று, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.