அப்பா பெயர் இருதயராஜ்

முகுந்த் சாரின் மிஷின் இணையத்தைப் படித்து அறிவை வளர்த்துக்கொண்டிருந்தது. புனே ஹிஞ்சேவாடியில் எங்கள் டீமுக்கு அதுதான் வேலை. அது நாளெல்லாம் கண்ட பக்கங்களையும் மேயும். யார் யாருக்கு என்ன உறவு, என்ன தொழில் என்று தானாகவே தெரிந்துகொள்ளும். சார் அதைப் பெற்ற பிள்ளையைப் போல் மெச்சிக்கொள்வார்.

2008இல் ஆபீசில் குடும்ப விழா வைத்தார்கள். என் பக்கத்து சீட் ஜான்சி, தான் கட்டிக்கொள்ளப்போகிற சுனிலையும் அவன் அம்மா ஜோசபினையும் கூட்டி வந்திருந்தாள். பீற்றிக்கொள்ள ஆள் கிடைத்த குஷியில் சார், சுனில் இருதயராஜ் என்று தட்டினார். ‘தங்கை: ஜான்சி இருதயராஜ்’ என்று திரையில் வந்தது.

இருவரின் அப்பாவுக்கும் இருதயராஜ் என்றுதான் பெயர். இரண்டு குடும்பமும் தமிழ்க் கத்தோலிக்கர் சங்கத்தின் இணையப் பக்கத்தில் இருந்தது. ஒரே ஆளாக்கிவிட மிஷினுக்கு அது போதுமாம். புனேயில் அந்தப் பெயரில் எத்தனையோ பேர் என்று சொல்லிப் பார்த்தேன். தானும் அப்பா பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்டு திரிகிற முகுந்த் பக்தவத்சலத்துக்கு இதெல்லாம் விளக்க வேண்டியிருந்தது.

“வேற வேற ஆளுன்னு எந்த சைட்ல போட்டிருக்கு, காட்டுங்க,” என்றார் மேதை.

கூத்து அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஜோசபினின் கணவர் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ரஞ்சன்காவ் பாக்டரியில் வேலை என்று வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கியவர். கம்ப்யூட்டரே சொல்கிறதென்றால் அங்கே இன்னொரு குடும்பம் இருந்திருக்க வேண்டும் என்று அந்த அம்மாள் முடிவுகட்டிவிட்டாள். ஜான்சியின் அப்பா உயிரோடு இருக்கிறாரே என்று சுனில் சொன்னதற்கு, வளர்த்தவராக இருக்கும் என்றாளாம். கல்யாணப் பேச்சு நின்றது. ஜான்சி கேன்டீனில் அழுததைப் பார்க்க, மிஷினையும் சாரையும் சேர்த்து ஆற்றில் தள்ளலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜான்சி தன் அப்பாவைப் பிம்ப்ரியில் ஜோசபின் வீட்டுக்கே அழைத்துப் போனாள். நானும் போனேன். ஜோசபின் கதவைத் திறந்தாள். ஜான்சியின் அகல நெற்றியும் சப்பை மூக்கும் அப்படியே அந்த மனிதர் முகத்தில் இருந்தன. வேறு சாட்சி அவளுக்குத் தேவைப்படவில்லை. நாற்காலியைக் காட்டினாள். ஹாலில் அவள் கணவரின் போட்டோவைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டியிருந்தது.

“முப்பது வருஷம் கூட வாழ்ந்தேன். ஒரு டப்பா சொன்னதும் அந்த மனுஷனைச் சந்தேகப்பட்டுட்டேனே,” என்றாள்.

ஜான்சியின் அப்பா எழுந்து போய்ப் போட்டோவை நேராக மாட்டினார். ஜோசபினால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.