நடைக்கூடத்தில் மாட்டிய படம்

2023 ஜூன் 20, செவ்வாய்க்கிழமை மாலை, விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் சாலையில், பாலவனத்தத்துக்குப் பிரியும் விலக்குக்கு அருகே நின்றுகொண்டிருந்த லாரியின் பின்புறம் ஓர் இருசக்கர வாகனம் மோதியது. அதை ஓட்டி வந்த சௌடப்பன், வயது இருபத்தாறு, நூற்பாலைத் தொழிலாளி, அந்த இடத்திலேயே இறந்தார்.

அவனுக்கான கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸை வடிவமைத்தவன் மாரீஸ்வரன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பூமிநாதன் வைத்திருக்கும் ஃபிளெக்ஸ் கடையில் அவனுக்கு அதுதான் வேலை. காதுகுத்து, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், சாவு. சாவு ஃபிளெக்ஸை மட்டும் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும். சௌடப்பனுக்குப் படம் கேட்டபோது அவன் அக்கா ஹேமலதா லைசென்ஸை நீட்டினாள். அவன் போன் லாரிச் சக்கரத்துக்கு அடியில் நொறுங்கியிருந்தது. ஹேமலதாவின் கல்யாண ஆல்பத்தில் அவன் எல்லாப் பக்கத்திலும் இருந்தான், ஆனால் சாம்பார் வாளியோடு முதுகைக் காட்டிக்கொண்டு. மற்றவர்களைப் படம் எடுத்துக் கொடுப்பான், தன்னை எடுக்க விடமாட்டான். மாரீஸ்வரன் லைசென்ஸ் படத்தை ஆறடிக்குப் பெரிதாக்கினான். அது முகமாக இல்லை; புள்ளிகளாக இருந்தது. நெசவாளர் தெருவின் முனையில் அதைக் கட்டியபோது சௌடப்பனின் அம்மா முத்துமணி அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, "இது யாரு?" என்று கேட்டாள். அழுகிறவள் ஏதோ பேசுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாரீஸ்வரனுக்கு அவள் நிஜமாகவே கேட்கிறாள் என்று தெரிந்தது.

வீட்டில் அவள் படம் எதையும் மாட்டவில்லை. பத்து மாதம் கழித்து, சித்திரை வெயிலில், மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். தமிழில் அவள் வார்த்தைகளை நிதானமாகத்தான் எடுத்து வைப்பாள்.

"ஏப்பா மாரீசு, ஆனியில திதி வருது. நீ அவன இங்கன வச்சு ஒருக்க படம் புடிச்சியாமே. வெள்ளத் துணிக்கு முன்னால நிப்பாட்டி. 'எம் படத்த வெளிநாட்டுல மாட்டப் போறாக'ன்னு சொல்லிச் சிரிச்சான். அது எங்கப்பா?"

அப்படி ஒரு படம் இருந்தது. அவர்கள் இருவரும் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு பிரவுசிங் சென்டரின் மூலை கம்ப்யூட்டரில் ஒரு பேய் மாளிகை ஆட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். யாரோ காப்பி அடித்த சிடி. பழைய மாளிகை, இருட்டான நடைக்கூடங்கள், பூட்டிய கதவுகள். கேமரா ஒரு மூலையில் நின்றபடியே பார்க்கும். அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று காட்டாது. ஆட்டம் முழுக்க வெளியே மழை பெய்துகொண்டே இருக்கும். அருப்புக்கோட்டையில் அப்படி ஒரு மழையை அவர்கள் பார்த்ததில்லை. ஒருவன் விளையாடுவான், மற்றவன் நோட்டில் வரைபடம் போடுவான். பயந்தால் சௌடப்பன் சிரிப்பான். சிரிப்பை அடக்க முடியாமல் சென்டர்காரரிடம் திட்டு வாங்குவான்.

அந்த ஆட்டத்தின் கம்பெனி அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாமல் கிடந்தது. பல வருடம் கழித்து, அதில் வேலை பார்த்த சிலர் வெளியே வந்து, பழைய ரசிகர்களிடமே காசு திரட்டி அதே மாதிரி புதிதாக ஒன்று செய்வதாக அறிவித்தார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போடுகிறவர்களின் முகத்தைப் பழைய ஓவியம் போல வரைந்து மாளிகையின் நடைக்கூடத்தில் மாட்டுவார்களாம். இரண்டு பேரும் சேர்ந்து போட்டதில் ஒரு முகத்துக்குத்தான் இடம் இருந்தது.

"ஒன் மொகத்த அனுப்புலே, நீதான் கலரா இருக்க" என்றான் சௌடப்பன்.

"ஏலே, தெனமும் செத்தவங்க மொகத்தத்தேன் வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கேன். எம் மொகத்த செவத்துல மாட்டுறதா? வேணாம்."

"அப்ப எனக்கு மட்டும் என்ன, நூறு வயசா? சரி, எடுத்துத் தொல."

அசையாமல், சிரிக்காமல், நேராகப் பார்க்க வேண்டும் என்று விதிமுறை சொன்னது. எத்தனை முறை எடுத்தும் சௌடப்பனின் உதட்டோரம் கொஞ்சம் மேலே ஏறித்தான் நின்றது. கடைசியில் அதையே கம்பெனியின் வெப்சைட்டில் ஏற்றி அனுப்பினார்கள். அந்தப் போனை மாரீஸ்வரன் அடுத்த வருடம் அழித்துக் கொடுத்துப் புதுப் போன் வாங்கினான். நிறைய இடம் பிடிக்கிறது என்று படங்களைச் சேமித்து வைக்கும் வசதியை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தான். கம்பெனிக்கு எழுதிய மெயில் அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது.

"பாக்குறேம்மா" என்றான். "ஒரு எடத்துல இருக்கு. எடுத்துத் தாரேன்."

ஆட்டம் அந்த மாதம்தான் வெளியாகியிருந்தது. தமிழ்நாட்டு ரசிகர்களுக்கென்று ஒரு குரூப் உண்டு. மாரீஸ்வரனும் சௌடப்பனும் ஆரம்பத்திலிருந்தே அதில் இருந்தார்கள். வெளியான அன்றிலிருந்து அது சாவு வீடு மாதிரிதான் இருந்தது. "மூணு வருசம் காக்க வச்சு இதையாடா குடுத்தீங்க." "பழசுல மழைச் சத்தம் கேட்டாலே ஒன்னுக்கு வரும். இதுல மழையே திக்கித் திக்கிப் பெய்யுது." "கதவு தொறக்குறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிரும்." "ஆயிருமா? ஒனக்கா?" கேமரா மூலையில் நிற்காமல் முதுகுக்குப் பின்னாலேயே வருகிறது, அப்புறம் என்ன பயம் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார். உள்ளே வேலை பார்த்தவர்களை அனுப்பிவிட்டார்கள், இனி திருத்தம் எதுவும் வராது என்ற செய்தியும் வந்தது. கோபம் தீர்ந்த பிறகு கேலி. கேலியும் ஓய்ந்த பிறகு, எல்லோரும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். "எல்லாம் குப்ப. அந்த நடைக்கூடத்துல சிரிக்கிறான் பாரு ஒருத்தன், அவன் மட்டும் தரம்."

உலகம் பூராவும் அதைத்தான் சொன்னார்கள். யூடியூப் வீடியோக்களில், காதில் ஹெட்போன் மாட்டிய பையன்களும் பெண்களும் அந்தப் படத்தை நெருங்குகிறார்கள். ஓவியத்தின் கண்கள் உள்ளே போகின்றன, கன்னம் உருகுகிறது, உதட்டோரம் காதுவரை கிழிகிறது. நாற்காலியோடு பின்னால் விழுகிறார்கள். காசு போட்டவர்களின் படங்கள் அந்தக் கூடத்தில் வரிசையாக இருந்தன. மற்ற எல்லாம் விதிப்படி விறைப்பாக இருந்தன. பேயாக்குவதற்கு, வரைந்தவருக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த ஒருவன்தான் கிடைத்திருக்கிறான். குரூப்பில் யாரோ அதை ஸ்டிக்கராக்கினார்கள். கரண்டு பில் வந்தது என்றாலும் அந்த முகம், மாமியார் வருகிறாள் என்றாலும் அந்த முகம். மாரீஸ்வரனின் போனுக்குக் காலை வணக்கத்தோடு அது வந்தது. அவன் குரூப்பை மௌனமாக்கி வைத்தான். வெளியேறவில்லை. வெளியேறினால் உள்ளே சௌடப்பன் மட்டும் இருப்பான் என்று ஒரு நினைப்பு.

மதியம் பூமிநாதன் சாப்பிடப் போகும் நேரத்தில் கடைக் கம்ப்யூட்டரில் ஆட்டத்தை ஏற்றி, அந்தக் கூடம்வரை போய்ப் பார்த்தான். முகம் மாறுவதற்கு முந்தைய ஒரு நொடி அவனுக்குப் போதும். அது கிடைக்கவில்லை. வேண்டுமென்றே செய்தார்களோ, அவசரத்தில் விட்ட பிழையோ, கதவு திறந்தவுடனேயே படம் மாறத் தொடங்கிவிடுகிறது. தூரத்தில் வெறும் இருட்டு; பக்கத்தில் போகும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும். போய்ப் போய்த் திரும்பினான். ஒருமுறைகூட அவனுக்குப் பயம் வரவில்லை. அது அவனைச் சங்கடப்படுத்தியது.

பிறகு குரூப்பில் எழுதினான். அந்தப் படத்தில் இருப்பவன் என் கூட்டாளி சௌடப்பன், பாலவனத்தம் விலக்கில் இறந்துபோனான், அவன் அம்மாவுக்கு ஒரு படம் வேண்டும், மாறுவதற்கு முந்தைய முகத்தை எடுக்க வழி தெரிந்தால் சொல்லுங்கள். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. "வியூஸுக்கு உருட்டுறான்" என்றான் ஒருவன். "செத்தவன் பேர வச்சுக் காமெடி பண்ணாதீங்க ப்ரோ" என்றான் இன்னொருவன். யாரோ பழக்கதோஷத்தில் அந்த ஸ்டிக்கரையே பதிலாகப் போட்டு, உடனே அழித்தான்.

அடுத்த நாள் ஒரு பெண் போன் செய்தாள். முருகலட்சுமி என்று பெயர். கோவையில் கம்ப்யூட்டர் படிக்கிறாளாம்.

"பாலவனத்தம் விலக்குன்னு போட்டிருந்தீகள்லண்ணே. எனக்குத் திருச்சுழி. அந்த வழியாத்தேன் ஊருக்குப் போறது. அதான் பொய் இல்லன்னு தோணுச்சு."

"சொல்லுங்க."

"ஆட்டத்து ஃபைலத் தொறந்து பாத்தேன். அது ஒரே படம் இல்ல. நாலு படம் வச்சிருக்காங்க, ஒன்னு மங்க மங்க அடுத்தது வரும். மொதப் படம் நல்லா இருக்கு. நாலையும் அனுப்பவா?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "அனுப்புங்க."

"அண்ணே…" என்றாள். "நானும் அந்த ஸ்டிக்கர நெறயப் போட்டிருக்கேன்."

முதல் படத்தில் சௌடப்பன் உயரமான காலர் வைத்த கறுப்புக் கோட்டு போட்டிருந்தான். தலைமுடி பக்கவாட்டில் படிந்திருந்தது. அந்த மாளிகைக்குப் பொருந்த வேண்டும் என்றோ என்னவோ, வெள்ளை வெளேர் என்று வரைந்திருந்தார்கள். சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. மாரீஸ்வரன் இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினான். கோட்டைக் கழற்றி, கடையில் எல்லோருக்கும் மாட்டிவிடும் வெள்ளைச் சட்டையைப் போட்டான். முடியை மாற்றினான். நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான்.

பின்னால் வந்து நின்ற பூமிநாதன், "என்னடா இது, ஊரே செவப்பாக்கச் சொல்லி உசுர வாங்குது, நீ கருப்பாக்கிக்கிட்டு இருக்க" என்றார். பிறகு யார் என்று பார்த்து, டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

எவ்வளவு கறுப்பு என்பதில்தான் சிக்கல். கண்ணை மூடினால் அவன் குரல் வந்தது, நடை வந்தது, வண்டியைச் சாய்த்து நிறுத்தும் விதம் வந்தது. முகத்தின் நிறம் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க லைசென்ஸ் படத்தின் புள்ளிகளைத் தவிர எதுவும் இல்லை. குத்துமதிப்பாக ஒரு நிறத்தில் நிறுத்தினான்.

சொல்லியிருந்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே முத்துமணி வந்துவிட்டாள். ஹேமலதா குடையை மடக்கிக்கொண்டே பின்னால் வந்தாள். மாரீஸ்வரன் அவசரமாக மற்றப் படங்களை மூடி, தான் செய்ததைத் திரை நிறையத் திறந்தான்.

முத்துமணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"சட்ட யாருது?"

"கடையில இருக்குறதும்மா. எல்லாத்துக்கும் போடுறது."

"தல சீவுனது?"

"நாந்தேன்."

அவள் மேலும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சாட இருக்கு" என்றாள், யாரோ தூரத்து உறவுப் பையனைப் பார்த்ததுபோல.

மாரீஸ்வரன் இன்னும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் விரல் திரையின் கீழ் ஓரத்துக்குப் போனது.

"அங்கன சின்னதா ஒன்னு தெரியுதே. அது என்னா?"

அவசரத்தில் இரண்டாவது படத்தை மூடாமல் விட்டிருந்தான். "அது வேணாம்மா. கெட்டுப்போன படம்."

"தொறப்பா."

"அம்மா, அது…"

"தொறன்னு சொல்றேன்ல."

திறந்தான். பிணமாகத் தொடங்கும் முகம் என்று வரைந்தவர் நினைத்துச் செய்தது. வெள்ளை வடிந்து, சேறு படிந்த பழுப்பாகியிருந்தது தோல். கண்கள் குழிக்குள் ஓர் அடி எடுத்து வைத்திருந்தன, சுற்றிலும் கருவளையம். கன்னத்தில் சதை இறங்கியிருந்தது. வாரிவிட்ட முடி கலைந்து நெற்றியில் விழுந்திருந்தது. பழைய ஓவியம் என்று காட்ட முகம் முழுக்க மெல்லிய வெடிப்புக் கோடுகள். உதட்டோரம் இன்னும் கிழியவில்லை. லேசாக மேலே ஏறி நின்றது.

முத்துமணி நாற்காலியின் பிடியை விட்டாள். மகளிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அதில் சௌடப்பனின் பெயர் மட்டும் மாரீஸ்வரனுக்குப் புரிந்தது.

"நைட்டு சிப்டு முடிச்சு வெள்ளன வந்து நிப்பான்" என்றாள் முத்துமணி, தமிழில், அவனைப் பார்த்து. "தலயெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். தூங்காத கண்ணு. 'என்னம்மா இருக்கு'ன்னு கேட்டுக்கிட்டே சிரிப்பான். இந்த மொகந்தேன். இது எம்புள்ள."

வெளியே தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இதுக்கு அடுத்தாப்புல எடுத்தது இருக்கா?"

மாரீஸ்வரன் வாயைத் திறப்பதற்குள் ஹேமலதா, "இல்லம்மா" என்றாள். அவன் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்காமல் குடையின் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பையன்கள் அந்த ஆட்டத்து வீடியோ உட்பட போனில் என்னவெல்லாம் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"அப்ப இதவே போட்டுக் குடு."

"மொகத்துல கோடு கோடா இருக்கும்மா. அத மட்டும் எடுத்துர்றேன்."

"எதையும் தொடாத" என்றாள் முத்துமணி. "அந்தக் கருப்புச் சட்டய மட்டும் வெட்டிரு. கழுத்துக்கு மேல போதும்."

கழுத்துக்கு மேல் வெட்டிக் கொடுத்தான். படம் அன்று மாலையே அச்சாகி, சட்டம் போடும் கடைக்குப் போனது. ஆனி மாதம் திதியன்று அதைக் கூடத்துச் சுவரில் மாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். சாப்பிட வந்தவர்களில் இரண்டு பேர், பையனுக்கு ரொம்ப நாளாக உடம்புக்கு முடியாமல் இருந்ததா என்று கேட்டார்கள். இல்லை, வண்டியில் அடிபட்டான் என்று ஹேமலதா சொன்னாள்.